ஒளியை அளந்த வரலாறு

பாரிஸ் நகரத்து வீதி ஒன்றை 1838ஆம் ஆண்டில் லூயி தாகேர் என்னும் ஓவியர் மாடிச் சாளரத்தின் வழியே படம் பிடித்தார். வண்டிகளும் குதிரைகளும் மனிதர்களும் ஓயாது நடமாடிய வீதி அது. ஆனால் படத்தில் அது வெறிச்சோடிக் கிடக்கிறது. ஓரத்தில் ஒருவர் மட்டும் தெளிவாகத் தெரிகிறார். காலணிக்கு மெருகேற்றிக்கொள்வதற்காக ஒரு காலை உயர்த்தியபடி அசையாமல் நின்றவர் அவர்.

ஏனையோர் எங்கே? அவர்களும் அங்கேதான் இருந்தார்கள். தகட்டின்மேல் ஒளி பல நிமிடங்கள் விழுந்தாக வேண்டியிருந்தது. அதற்குள் நகர்ந்து போனவர்கள் தகட்டில் சுவடின்றி மறைந்தார்கள். எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுவது என்ற முடிவு, யார் படத்தில் இடம் பெறுவார், யார் பெறமாட்டார் என்பதையும் முடிவு செய்துவிட்டது.

நேயர்களே, டிஜிட்டல் காமிரா வாங்கும் இளைஞர் பலர், அதன் திருகில் 'எம்' என்ற எழுத்தைக் கண்டதும் தயங்கி, எல்லாவற்றையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். 'எம்' என்பது எல்லா அளவுகளையும் நாமே வகுத்துக்கொள்ளும் முறை. அதில் நாம் கையாள வேண்டியவை மூன்றே எண்கள்தாம். மூன்றுக்கும் நீண்ட வரலாறு உண்டு. அதை அறிந்தவருக்கு அவற்றினிடம் அச்சம் இராது.

முதல் எண் காலத்தைக் குறிப்பது. தொடக்கத்தில் ஷட்டர் என்ற உறுப்பே இல்லை. லென்ஸின் மூடியைக் கையால் கழற்றி, மனத்துக்குள் நொடிகளை எண்ணி, மீண்டும் மூடினார்கள். இன்று ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூற்றளவே ஒளியை விடவும் நம்மால் முடிகிறது. அருவியை வெண்பட்டாகக் காட்டுவதும், துளித்துளியாகச் சிதறவைப்பதும் இந்த எண்ணின் வேலையே.

இரண்டாவது, ஒளி புகும் துளையின் அளவு. 1858இல் ஜான் வாட்டர்ஹவுஸ் என்னும் ஆங்கிலேயர், வெவ்வேறு அளவில் துளையிட்ட உலோகத் தகடுகளை லென்ஸின் இடுக்கில் செருகும் முறையை வெளியிட்டார். இன்றைய காமிராவில் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று காணும் எண்கள் துளையின் அளவையே குறிக்கின்றன. எண் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒளி பாதியாகக் குறையும். அண்மையிலும் தொலைவிலும் உள்ளவை ஒருங்கே தெளிவு பெறும் எல்லை விரியும்.

அதே 1858ஆம் ஆண்டில், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றாக இணைத்தார். அதன் நீளம் ஏறத்தாழ 19 அடி. ஒளியை அளக்கும் மின்கருவி அன்று கிடையாது. ஒரு படத்தில் ஒளி மிகுந்து, அடுத்ததில் குறைந்தால், இணைத்த பட்டை ஒட்டுப்போட்ட துணிபோலத் தோன்றும். கண்ணையும் அனுபவத்தையுமே துணையாகக் கொண்டு அவர் அதைச் செய்து முடித்தார்.

மூன்றாவது எண், ஒளியை ஏற்கும் பரப்பின் உணர்திறன். ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வீரோ டிரிஃபீல்டு என்ற இருவர் இங்கிலாந்தில் பல ஆண்டுகள் சோதனை செய்து, எவ்வளவு ஒளி பட்டால் தகடு எவ்வளவு கறுக்கும் என்பதை 1890இல் கணக்காக வகுத்துத் தந்தார்கள். ஊகம் விஞ்ஞானமாயிற்று. அவர்கள் காட்டிய வழியில் வளர்ந்ததே இன்றைய ஐ.எஸ்.ஓ. எண். அதை உயர்த்தினால் மங்கிய ஒளியிலும் படம் கிடைக்கும். கூடவே மணல் தூவினாற்போன்ற புள்ளிகளும் வந்து சேரும்.

1930களில் மின் ஒளிமானி பரவியது. 1938இல் தானே அளவை வகுத்துக்கொள்ளும் காமிராவும் வந்துவிட்டது. எனினும் ஒளிமானிக்கு ஒரு குறை உண்டு. காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது எண்ணிக்கொள்ளும். ஆகவே அதை அப்படியே நம்பினால் இமயத்துப் பனி அழுக்கேறியும், கரிய எருமை வெளுத்தும் போகும். பனி வெண்மை என்பது மனிதனுக்குத்தான் தெரியும்.

1941ஆம் ஆண்டு இலையுதிர்காலத்து மாலையொன்றில், அமெரிக்காவின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரை ஆன்செல் ஆடம்ஸ் கடந்துகொண்டிருந்தார். கீழ்வானில் நிலவு; கல்லறைச் சிலுவைகளின்மீது அந்தி வெயிலின் கடைசிக் கதிர்கள். காமிராவை நிறுத்திவிட்டார், ஒளிமானியோ கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 மெழுகுவத்தி அளவு என்பது அவர் நினைவில் இருந்தது. அதைக்கொண்டு மனக்கணக்காகவே அளவை வகுத்து ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்கு ஆயத்தம் செய்வதற்குள் சிலுவைகளின்மேல் இருந்த வெயில் அகன்றுவிட்டது. அந்த ஒரே படம் உலகப் புகழ் பெற்றது.

டிஜிட்டல் காமிராவில் பிழையின் விலை குறைவு. எடுத்த படத்தை அக்கணமே காணலாம். பழகுவோர் நல்ல வெயிலில் உணர்திறனை 100 என்றும், துளையை 16 என்றும், காலத்தை நொடியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு என்றும் வைத்துத் தொடங்கலாம். பிறகு ஒரு தடவைக்கு ஒரே எண்ணை மாற்றி, விளைவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெண்மையான பகுதி முற்றிலும் வெளுத்துப்போனால் அதன் விவரங்களை மீட்க இயலாது என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இயந்திரத்தின் உதவியை ஒதுக்க வேண்டியதில்லை. அது சொல்லும் அளவு எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்று தெரிந்து வைத்திருப்பதே நம் பொறுப்பு. வெயில் அகன்றுகொண்டிருக்கும் வேளையில் அந்த அறிவைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.