துரோகி: தண்டனையும் வசையும்

தீங்கு நினைத்தலைக் குறிக்கும் வடமொழி வினையடியிலிருந்து பிறந்த 'துரோகம்' என்னும் சொல், இன்று காதல் முறிவு முதல் கட்சித் தாவல் வரை எதற்கும் எறியப்படும் வசையாகிவிட்டது. சோழர் கல்வெட்டுகளிலோ அது உடைமையையும் உறவையும் ஒருங்கே பறிக்கவல்ல குற்றநிலையைக் குறித்தது.

இரண்டாம் ஆதித்தன் எனப்படும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களை, முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக்குரியதாகக் கருதப்படும் உடையார்குடிக் கல்வெட்டு 'துரோகிகள்' என்றே சுட்டி, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்று பெயரிட்டுச் சொல்கிறது. கல்வெட்டின் நோக்கம் கொலையை விவரிப்பதன்று; வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த அரசாணைப்படி அவர்தம் நிலங்கள் கைப்பற்றப்பட்டு விற்கப்பட்டதைப் பதிவு செய்வதே. அவ்வாணை கொலையாளிகளோடு நில்லாமல், அவர்களுக்குப் பெண் கொடுத்த மாமன்மார், தாயுடன் பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள் வரை நீண்டதிலிருந்து, துரோகம் குலம் முழுவதையும் பற்றும் கறையாக எண்ணப்பட்டது புலனாகிறது. இக்காலத்தார்க்கு இது கொடுமையாகவே தோன்றும்.

மூன்றாம் இராசராசன் காலத்துச் சிவபுரக் கல்வெட்டோ, கோயில் நகையை ஆசைநாயகிக்குக் கொடுத்து அரசாணையையும் மீறிய இரு சிவப்பிராமணர் மீது, இறைவன் உடைமைக்கு இழைத்த கேடாகிய 'சிவத்துரோகம்', மன்னனுக்கு இழைத்த கேடாகிய 'இராசத்துரோகம்' ஆகிய இரண்டையும் சுமத்துகிறது.

பிற்காலத்தில் ஆங்கிலேயர் 1870இல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 124-அ பிரிவையும் தமிழர் இராசத்துரோகம் என்றே வழங்கினர். ஆனால் 1908இல் அக்குற்றத்துக்காக வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறை சென்றபோது அச்சொல் மக்களிடம் இழிவை இழந்து, பெருமைக்குரிய அடையாளமாயிற்று. ஆள்பவன் அயலான் என்றான பின் துரோகத்தை அளக்கும் கோலாக நாடே நின்றது.

அக்கோல் எப்போதும் நேராக அளந்ததென்று கூறுவதற்கில்லை. 1799இல் ஆங்கிலேயக் கும்பினியை எதிர்த்த பாளையக்காரர் கட்டபொம்மனைப் பிடித்து அக்கும்பினியாரிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் தரப்பு. எட்டயபுரத்தார் கும்பினிக்குத் துணைநின்றது உண்மையேயாயினும், தமிழில் காட்டிக்கொடுப்பவனுக்குப் பொதுப்பெயராகிவிட்டது அவர்தம் பரம்பரைப் பட்டமாகிய 'எட்டப்பன்' என்பதே.