இருக்கிறதா, இல்லையா? கோல்கி உறுப்பின் 56 ஆண்டு வழக்கு



நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் உயிரணுவின் படத்தை வரையத் தொடங்குகின்றனர். நடுவே உட்கரு, அதையொட்டி எண்டோபிளாச வலை, அவரை விதை போன்ற மைட்டோகாண்ட்ரியா, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய தோசைகளைப் போலக் கோல்கி உறுப்பு. பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் பணியையும் ஒரு வரியில் மனனம் செய்தால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்துவரும் நான், முன்னாள் மாணவர்களின் குறிப்பேடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எண்ணுவதுண்டு: இந்த ஒற்றை வரியை எழுத அறிவுலகம் எவ்வளவு காலம் போராடியது என்பதை இவர்களுக்கு எவரேனும் சொன்னார்களா?

கோல்கி உறுப்பின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம்.

கமில்லோ கோல்கி 1843-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த மருத்துவர். தீரா நோயாளிகளுக்கான ஒரு விடுதியில் பணியாற்றியபோது, அங்கிருந்த சமையலறையொன்றையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். நரம்புத் திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தி, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் இட்டார். ஒருசில உயிரணுக்கள் மட்டும் கிளைகளோடு முழுமையாகக் கறுத்து, மஞ்சள் பின்னணியில் தெளிவாகத் தெரிந்தன. 1873-இல் அவர் வெளியிட்ட இம்முறை 'கருவினை' என்று பெயர் பெற்றது. இதற்காகவும் நரம்பு மண்டல ஆய்வுக்காகவும் 1906-இல் அவருக்கும் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹாலுக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இதற்கிடையே, 1898-ஆம் ஆண்டு கூகையின் சிறுமூளையை ஆராய்ந்தபோது, நரம்பு உயிரணுவின் உள்ளே உட்கருவைச் சூழ்ந்து ஒரு நுண்ணிய வலை இருப்பதைக் கோல்கி கண்டார். அதற்கு 'உள்வலை உறுப்பு' என்று பெயரிட்டார். வேறுபல உயிரணுக்களிலும் அது தென்படுவதாகப் பலர் எழுதினர். அதே வேளையில் ஐயமும் எழுந்தது.

ஐயம் கொண்டவர்களின் கேள்வி நியாயமானது. திசுவைக் கொன்று, வேதிப்பொருளில் ஊறவைத்து, அதன்மேல் உலோகத்தைப் படியச் செய்த பிறகே அந்த வலை தெரிகிறது. சாயமிடும் முறையை மாற்றினால் உருவமும் மாறுகிறது. உயிருடன் இருக்கும் பெரும்பாலான உயிரணுக்களில் அதைத் தெளிவாகக் காண முடியவில்லை. அப்படியாயின் அது உயிரணுவின் உறுப்பா, அல்லது சாயம் உண்டாக்கிய பொய்த்தோற்றமா? ஒளி நுண்ணோக்கியைக் கொண்டு இக்கேள்விக்கு முடிவான விடை காண இயலவில்லை. கோல்கி 1926-இல் மறைந்தபோதும் வழக்கு முடியவில்லை.

ஐயுற்றவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஜார்ஜ் பலாடேயும் ஆல்பர்ட் கிளாடும் 1949-இல், கோல்கி உறுப்பு என்று காட்டப்படுவது திசுவைப் பக்குவப்படுத்தும்போது கொழுப்புப் பொருள்களால் உருவாகும் தோற்றமே என்று வாதிட்டனர். உயிரணு ஆய்வில் மின்னணு நுண்ணோக்கியைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர் கிளாட் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

வழக்கைத் தீர்த்து வைத்ததும் அதே கருவிதான். திசுவை மிக மெல்லிய சீவல்களாக வெட்டும் நுட்பம் வளர்ந்த பின்னர், 1954-இல் டால்டனும் ஃபெலிக்ஸும் மின்னணு நுண்ணோக்கிப் படங்களின்வழி அவ்வுறுப்பின் அமைப்பைக் காட்டினர். தட்டையான பைகள் அடுக்கடுக்காகவும், அவற்றின் ஓரங்களில் சிறு குமிழ்கள் சூழ்ந்தும் காணப்பட்டன. கோல்கி கண்டது மெய்யே என்று உறுதியானது. அவர் முதன்முதலில் அறிவித்து 56 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் மறைந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

உறுப்பு உண்டு என்று தெரிந்தது. அது செய்யும் வேலை என்ன? இதற்கு விடை கண்டவர்களில் முதன்மையானவர், அன்று ஐயுற்ற அதே பலாடேதான். 1960-களில் அவரும் உடன் ஆய்வாளர்களும் கினிப்பன்றியின் கணையத்தை ஆராய்ந்தனர். கதிரியக்கம் ஏற்றிய லியூசின் என்னும் அமினோ அமிலத்தை உயிரணுக்களுக்குச் சிறிது நேரம் கொடுத்து நிறுத்தினர். மாணவர் கூட்டத்தில் சிலருக்கு மட்டும் சிவப்புத் தொப்பி அணிவித்து, அவர்கள் எந்த வழியாகச் செல்கின்றனர் என்று பார்ப்பதைப் போன்றது இம்முறை. அடையாளமிட்ட புரதம் முதல் சில நிமிடங்களில் ரைபோசோம்கள் ஒட்டிய எண்டோபிளாச வலையில் இருந்தது. அடுத்துக் கோல்கி உறுப்பின் பகுதியை அடைந்தது. பின்னர்ச் சுரப்புத் துகள்களில் சேர்ந்தது.

வலையிலிருந்து வரும் புரதங்களில் சர்க்கரைத் தொகுதிகளைச் சேர்த்தும் நீக்கியும் செப்பனிட்டு, வகை பிரித்து, உரிய இடத்துக்கு அனுப்புவது கோல்கி உறுப்பின் பணி என்று இன்று நாம் அறிவோம். பாடநூல்கள் இதனை அஞ்சல் நிலையத்துக்கு ஒப்பிடுவது பொருத்தமே. உயிரணுவின் அமைப்பையும் செயலையும் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகப் பலாடே, கிளாட், கிறிஸ்டியன் தெ தூவ் ஆகிய மூவரும் 1974-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வரலாற்றில் என்னைக் கவர்வது, கண்டவரும் ஐயுற்றவரும் ஒரே பணியைச் செய்தார்கள் என்பதே. "நீங்கள் காண்பது உண்மையா, சாயமா?" என்று கேட்டவர்கள் அறிவியலுக்குப் பகைவர் அல்லர். அக்கேள்விக்கு ஈடுகொடுத்து நின்றதால்தான் கோல்கியின் வலை இன்று நம் பிள்ளைகளின் ஏட்டில் இடம்பெற்றுள்ளது. நோபல் பரிசு பெற்றவர் சொன்னார் என்பதற்காக எவரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நுண்ணுறுப்புகளின் அட்டவணையில் 'பெயர்', 'அமைப்பு', 'பணி' என்னும் மூன்று கட்டங்களுக்கு அருகே, 'எப்படிக் கண்டறிந்தனர்?' என்று நான்காவது கட்டம் ஒன்றையும் வரையச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் நிரப்ப வேண்டியதில்லை, ஒன்றிரண்டு போதும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை படத்தைக் காட்டி, "இது உள்ளே இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "அது தேர்வில் வராது, படி" என்று சொல்லிவிடாதீர்கள். அரை நூற்றாண்டுக் காலம் பேரறிஞர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி அது. விடை தெரியாவிட்டாலும், பிள்ளையோடு அமர்ந்து தேடிப் பாருங்கள்.