சுறாத் துடுப்பும் ஜப்பானியச் சமையலறையும்

சுறாத் துடுப்பு சூப்பைக் கண்டிக்கும் எழுத்துகள் ஜப்பானையும் சீனாவையும் ஒரே தராசில் வைக்கின்றன. துடுப்பு வணிகத்தில் ஜப்பானுக்கு நெடுங்காலப் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே அது பெரும்பாலும் விற்பனைச் சரக்காகவே இருந்தது. ஜப்பானியர் சுறாவை எப்படிப் பார்க்கிறார்கள் என்றறிய, துடுப்பை விட்டு இறைச்சியைத் தொடர்ந்து போக வேண்டும்.

ஷோகன் எனும் படைத்தலைவர்கள் ஆண்ட எடோ காலத்தில் நாகசாகித் துறைமுகம் வழியாக நடந்த சீன வணிகத்தில் ஜப்பான் செம்பைக் கொடுத்துப் பட்டும் சர்க்கரையும் வாங்கியது. செம்பு அருகவே, 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து உலர்த்திய கடல் அட்டை, அபலோன் என்னும் கடல் நத்தை, சுறாத் துடுப்பு மூன்றும் அதன் இடத்தில் ஒரு பகுதியைப் பிடித்தன. மூட்டைகளில் கட்டி அனுப்பிய இச்சரக்குகளுக்குத் 'தவாராமோனோ' என்று பெயர். 1785இல் ஷோகன் அரசே இவற்றின் கொள்முதலை நேரடியாக ஏற்றது. இன்றும் ஜப்பானியர் துடுப்பு சூப் குடிப்பது பெரும்பாலும் சீன உணவகங்களில்தான். துடுப்பின் நாருக்கென்று தனிச்சுவை கிடையாது. ருசியெல்லாம் கோழியும் பன்றித்தொடையும் கொதித்த சாற்றினுடையது. மீனின் சுவையை மீனிலேயே தேடும் சமையல் மரபுக்கு இது அயல் பண்டம்.

இறைச்சியின் கதை வேறு. சுறாத் தசையில் யூரியா மிகுதி. இறந்தபின் அது அம்மோனியாவாக மாறி நெடியடிக்கும்; சுறாப்புட்டு செய்பவர்களுக்கு இது புதிதல்ல. அதே அம்மோனியா இறைச்சியைச் சீக்கிரம் கெடவும் விடாது. அதனால்தான் ஐஸ் இல்லாத நாளில் ஹிரோஷிமாவின் வடக்கு மலையூர்களான மியோஷி, ஷோபாரா வரை சுறா பச்சையாகப் போய்ச் சேர்ந்தது. திருவிழாவிலும் புத்தாண்டிலும் அதைத் துண்டு போட்டு, இஞ்சி கலந்த சோயா சாற்றில் தொட்டுத் தின்றார்கள். கடலோர நகரங்களில் வேறு வழி. சுறாத் தசையை அரைத்து, துருவிய மலைக்கிழங்கு சேர்த்து, காற்றேறும்வரை அடித்து வேகவைத்தால் ஹான்பென். வெள்ளை வெளேரென்ற அந்த மெத்தைத் துண்டு, குளிர்காலத்தில் ஓடென் என்னும் கொதிசாற்றுச் சட்டியில் மிதக்கும். அதில் சுறா இருப்பது தின்பவர் பலருக்குத் தெரியாது.

ஜப்பானில் கரைசேரும் சுறாக்களில் பெரும்பங்கு மியாகி மாநிலத்தின் கேசென்னுமா துறைமுகத்துக்கே வருகிறது. அவற்றில் மிகுதி நீலச்சுறா. இறைச்சி அரைப்பு ஆலைக்கும், துடுப்பு உலர்களத்துக்கும், குருத்தெலும்பு மருந்துப் பொருளுக்கும், தோல் பணப்பைக்கும் போகின்றன. துடுப்பை அறுத்து உடலைக் கடலில் எறியும் கொடுமையை இந்த ஊரின்மேல் சுமத்துவது பொருந்தாது.

ஆனால் எதையும் வீணாக்கவில்லை என்ற பதில் வீணடிப்புக் குற்றச்சாட்டுக்கு மட்டுமே போதும். தோல் பணப்பையானதால் கடலில் ஒரு சுறாகூடக் கூடிவிடாது. ஓர் ஈற்றில் பல பத்துக் குட்டிகள் போடும் நீலச்சுறா ஓரளவு மீன்பிடியைத் தாங்கும். அதைவிடக் குறைவான குட்டிகளே ஈனும் மாகோ சுறா அவ்வளவு தாங்காது. அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மாநாடு, 2022இல் பனாமாவில் கூடியபோது, நீலச்சுறா அடங்கிய குடும்பம் முழுவதையும் இரண்டாம் இணைப்பில் சேர்த்தது. அது வணிகத் தடையன்று. ஏற்றுமதி அவ்வினத்தின் இருப்பைக் குலைக்காது என்று ஏற்றுமதி நாடு சான்றளிக்க வேண்டும். ஜப்பான் இதை எதிர்த்ததற்கு உணவு மரபு தக்க காரணமாகாது. கேசென்னுமாவை எடைபோட வேண்டியது இனவாரியான இருப்புக் கணக்கைக் கொண்டுதான்.