பனித்தளக் காவலர்: காலங்களைக் கடந்து ஒரு தரவரிசை

முன்னோர் பெரியரா, பின்னோர் பெரியரா என்னும் வினா எல்லாத் துறைகளிலும் எழுவதுதான். சங்கீத சபையில் எழுகிறது. நாடக மேடையில் எழுகிறது. விளையாட்டு அரங்கிலோ ஓயாமல் எழுகிறது. விளையாட்டில் எண்கள் கைவசம் இருப்பதால் விடை காண்பது எளிது என்று பலரும் எண்ணுகின்றனர். எண்கள் பேசுவது உண்மை. ஆனால் அவை எந்தக் காலத்து வழக்கில் பேசுகின்றன என்பதை அறிந்த பின்னரே அவற்றுக்குச் செவி சாய்க்க வேண்டும். இவ்வுண்மையை விளக்க, நம்மவருள் பலருக்குப் புதியதான ஒரு விளையாட்டை இன்று எடுத்துக்கொள்வோம்.

பனிக்கட்டி ஹாக்கி எனப்படும் ஆட்டத்தைச் சிம்லாவிலோ லடாக்கிலோ பணியாற்றிய நேயர்கள் கண்டிருக்கக்கூடும். மற்றையோருக்காகச் சில சொற்கள். ஆடுகளம் உறைந்த பனித்தளம். ஆடுவோர் அடியில் கத்தி பொருத்திய காலணிகளை அணிந்து, அத்தளத்தின் மீது விரைந்து சறுக்குவர். நம் ஹாக்கியில் பந்து உருள்வது போல, இதில் கெட்டியான ரப்பர் வில்லை வழுக்கிச் செல்லும். அதன் குறுக்களவு 3 அங்குலம், கனம் 1 அங்குலம், எடை ஏறத்தாழ 170 கிராம். ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள வலையின் முன் ஒருவர் தனித்து நிற்பார். அவரே கோல் காவலர். மற்றவர் செய்யும் பிழை ஆட்டத்தின் ஓட்டத்தில் மறைந்து போகும். காவலர் செய்யும் பிழையோ எதிரணியின் கணக்கில் ஒரு கோலாக ஏறிவிடும்.

இவ்விளையாட்டின் தாயகம் கனடா. அங்கே 1917ஆம் ஆண்டில் தேசிய ஹாக்கி லீக் தோன்றியது. அன்று முதல் இன்று வரை வந்த காவலர்களுள் தலைசிறந்தவர் யாவர் என்பது அந்நாட்டினர் சலியாது வாதிடும் ஒரு பொருள். நாமும் அவ்வாதத்தில் சற்றே புகுந்து பார்ப்போம்.

தொடக்க காலத்தின் பெரும் பெயர் ஜார்ஜ் வெசினா. மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணிக்காக 1910ஆம் ஆண்டு இறுதியில் வலையின் முன் நின்ற அவர், 1925 நவம்பர் வரை ஓர் ஆட்டமும் தவறவில்லை. லீக் ஆட்டங்களில் மட்டும் அவர் தொடர்ந்து ஆடியவை 328. 1925 நவம்பர் 28ஆம் நாள் கடுங்காய்ச்சலோடு களம் இறங்கினார். ஆட்டத்தின் இடையிலேயே சாய்ந்தார். காசநோய் அவரைப் பற்றியிருந்தது. மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் காலமானார். அவர் நினைவாக அவ்வணியின் உரிமையாளர்கள் ஒரு பரிசுக் கோப்பையை நிறுவினர். சிறந்த காவலருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் வெசினா கோப்பை அதுவே.

அவர் காலத்திலேயே ஆட்டாவா அணியைக் காத்தவர் கிளின்ட் பெனடிக்ட். அக்காலத்து விதிப்படி காவலர் நின்றபடியே தடுத்தல் வேண்டும். மண்டியிட்டாலோ விழுந்தாலோ தண்டனை உண்டு. பெனடிக்டோ தடுமாறி விழுந்தவர் போல அடிக்கடி பனித்தளத்தில் முழங்காலை ஊன்றுவார். அவர் வழிபாடு செய்கிறார் என்று கண்டோர் நகைத்தனர். அவரைத் தடுத்து நிறுத்த இயலாமற்போகவே, லீக் தோன்றிய முதற்பருவத்திலேயே, 1918 ஜனவரியில், விதி மாற்றப்பட்டது. அன்று குற்றமாயிருந்த செயல், பின்னாளில் இக்கலையின் முதற்பாடமாயிற்று. இதனை நேயர்கள் நினைவில் இருத்துவார்களாக. பின்னர் இதற்கே திரும்புவோம்.

இனி எண்கள் எவ்வாறு மயக்கும் என்பதைக் காண்போம். வெசினாவின் இடத்துக்கு வந்த ஜார்ஜ் ஹெயின்ஸ்வொர்த், 1928-29ஆம் பருவத்தில் 44 ஆட்டங்கள் ஆடினார். அவற்றுள் சரிபாதியான 22 ஆட்டங்களில் எதிரணி ஒரு கோலும் போடவில்லை. பருவம் முழுவதிலும் அவர் விட்ட கோல்கள் 43 மட்டுமே. ஒரு பருவத்தில் 22 என்னும் அச்சாதனையை இதுவரை எவரும் நெருங்கியதில்லை. அங்ஙனமாயின் அவரே அனைவரிலும் சிறந்தவரா? அடுத்த பருவத்தைப் பார்ப்போம். அதே மனிதர், அதே அணி. அவர் விட்ட கோல்களின் சராசரியோ ஆட்டத்துக்கு 0.92 என்பதிலிருந்து 2.42 ஆக உயர்ந்தது. ஓராண்டில் அவர் திறமை தேய்ந்துவிடவில்லை. 1929ஆம் ஆண்டில் விதி திருந்தியது. அதற்கு முன் எதிரணியின் எல்லைக்குள் வில்லையை முன்னோக்கித் தம் தோழருக்குத் தள்ளித்தர அனுமதி இல்லை; அவ்வாண்டு முதல் அனுமதி கிடைத்தது. லீக் முழுவதிலும் கோல்கள் ஏறத்தாழ இரு மடங்காயின. ஹெயின்ஸ்வொர்த்தின் 22 என்னும் எண்ணில் அவர் பங்கும் உண்டு. அக்காலத்து விதியின் பங்கும் உண்டு.

மொழிபெயர்ப்புப் பணியில் பழகிய நமக்கு இது வியப்பன்று. பழைய ஏடு ஒன்றில் ஒருவர் மாதம் பத்து ரூபாய் ஊதியம் பெற்றார் என்று கண்டால், அதை இன்றைய பத்து ரூபாயாகக் கொள்வது பேதைமை. அக்காலத்தில் அப்பத்து ரூபாய்க்கு எத்தனை படி அரிசி கிடைத்தது என்று வினவுவதே முறை. விளையாட்டுப் புள்ளிகளுக்கும் இம்முறையே பொருந்தும்.

1942 முதல் 1967 வரை லீக்கில் இருந்தவை ஆறு அணிகளே. அவற்றின் முதன்மைக் காவலராக நிற்கும் வாய்ப்பு உலகில் ஆறு பேருக்குத்தான். ஒரு வாரம் நோயுற்று விலகினால் வேறொருவர் அவ்விடத்தைக் கைக்கொள்வார் என்ற அச்சம் அவர்களை விட்டு அகன்றதில்லை. இப்பின்னணியில் மூவர் ஒளிர்ந்தனர்.

முதலாமவர் டெட்ராய்ட் அணியின் டெரி சாச்சக். 1952ஆம் ஆண்டு ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிக்கட்டப் போட்டிகளில் அவர் ஆடிய எட்டு ஆட்டங்களிலும் அணி வென்றது. அவர் விட்டவை மொத்தம் ஐந்தே கோல்கள். வாழ்நாளில் 103 லீக் ஆட்டங்களில் ஒரு கோலும் விடாமல் காத்தார். ஆனால் அதற்கு அவர் உடல் கொடுத்த விலை பெரிது. முகத்தில் ஏறிய தையல்கள் சுமார் 400. நாற்பது வயதில், 1970ஆம் ஆண்டில், அவர் மறைந்தார்.

இரண்டாமவர் கிளென் ஹால். 1955 முதல் 1962 நவம்பர் வரை 502 லீக் ஆட்டங்களைத் தொடர்ச்சியாக, ஒரு நிமிடமும் பிறருக்கு விடாமல் ஆடினார். முகமூடி இன்றி ஆடினார் என்பது நினைக்கத்தக்கது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னர் மனக்கலக்கத்தால் வாந்தி எடுப்பது அவர் வழக்கம். அச்சமில்லாதவர் அல்லர் அவர். அச்சத்தோடு 502 முறை வலையின் முன் சென்று நின்றவர்.

மூன்றாமவர் ஜாக் பிளாண்ட். 1959 நவம்பர் 1ஆம் நாள் நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில், ஆண்டி பாத்கேட் அடித்த வில்லை அவர் முகத்தைக் கிழித்தது. உள்ளே சென்று தையல் இட்டுக்கொண்டு திரும்பியபோது, பயிற்சியின்போது மட்டும் அணிந்துவந்த முகமூடியோடு வந்தார். பெனடிக்ட் 1930ஆம் ஆண்டில் சில ஆட்டங்களில் தோல் முகமூடி அணிந்து பார்த்துக் கைவிட்டதுண்டு. நிலைபெறச் செய்தவர் பிளாண்டே. அவருடைய பயிற்சியாளர் அதனை விரும்பவில்லை. பார்வை மறையும் என்றனர் சிலர். கோழை என்றனர் சிலர். முகமூடியோடு ஆடியும் அவர் அணி வென்றது. அந்தப் பருவ முடிவில் தொடர்ந்து ஐந்தாம் முறையாக ஸ்டான்லி கோப்பையும் அதற்கே கிடைத்தது. காலப்போக்கில் முகமூடியின்றி வலையின் முன் நிற்பவரே இல்லாமற்போயினர். வலையை விட்டு வெளிவந்து, வில்லையைத் தாமே எடுத்துத் தம் அணியினருக்குத் தள்ளித்தரும் முறையைப் பரவச் செய்தவரும் அவரே.

கனடாவுக்கு வெளியிலும் இக்கலை வளர்ந்தது. 1972ஆம் ஆண்டில் சோவியத் நாட்டு அணி கனடாவின் தொழில்முறை வீரர்களோடு மோதியது. மாண்ட்ரியலில் நடந்த முதல் ஆட்டத்தில் சோவியத் அணி 7-3 என வென்றபோது, அதன் காவலர் விளாதிஸ்லாவ் த்ரெத்தியாக்கின் வயது இருபது. 1975ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அதே நகரில் கனேடியன்ஸ் அணி அவரை நோக்கி 38 முறை வில்லையை அடித்தது. எதிர்ப்புறம் கென் டிரைடனை நோக்கி வந்தவை 13. ஆட்டமோ 3-3 என்று சமநிலையில் முடிந்தது. டிரைடன் ஆறு முறை ஸ்டான்லி கோப்பை வென்ற அணியின் காவலர். மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் பெற்ற த்ரெத்தியாக் தேசிய லீக்கில் ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. லீக் கணக்கேட்டை மட்டுமே புரட்டுவோருக்கு அவர் பெயரே தென்படாது.

அடுத்த தலைமுறையில் பாட்ரிக் ருவா வந்தார். முழங்கால்களை ஊன்றி, கால்களை இருபுறமும் விரித்து, வலையின் கீழ்ப்பகுதியை அடைக்கும் முறையை ஹால் முன்னரே கையாண்டிருந்தார். அதனை எல்லாச் சிறுவரும் பயிலும் முறையாக ஆக்கியவர் ருவா. பெனடிக்டுக்குத் தண்டனை பெற்றுத்தந்த முழங்கால், இவருக்குப் புகழ் தேடித்தந்தது. இறுதிக்கட்டப் போட்டிகளின் தலைசிறந்த வீரர் என்னும் விருதை 1986, 1993, 2001 ஆகிய மூன்று ஆண்டுகளில் பெற்றார். அவ்விருதை மும்முறை பெற்றவர் வேறெவரும் இலர்.

செக் நாட்டவரான டோமினிக் ஹாஷெக் எந்த முறைக்கும் கட்டுப்படாதவர். உருண்டும் புரண்டும், மட்டையைக் கைவிட்டும் வில்லையைத் தடுப்பார். 1998-99ஆம் பருவத்தில் தம்மை நோக்கி வந்த அடிகளுள் நூற்றுக்கு 93.7 வீதம் தடுத்தார். அப்பருவத்தில் லீக்கின் பொதுச் சராசரி ஏறக்குறைய 91. லீக்கின் மிகப் பயனுள்ள வீரர் என்னும் விருதை 1997, 1998 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெற்றார். இரு முறை அதனைப் பெற்ற காவலர் அவர் ஒருவரே. 1998ஆம் ஆண்டு நகானோ ஒலிம்பிக்கின் அரையிறுதியில், வெற்றியை முடிவுசெய்ய ஒருவர் பின் ஒருவராக வந்த கனடா வீரர் ஐவரையும் தடுத்து நிறுத்தினார். எதிரணியின் வலையில் நின்றவர் ருவா.

மார்ட்டின் ப்ரோடூரின் 691 வெற்றிகளும், கோல் விடாத 125 ஆட்டங்களும் மலைபோல் நிற்கின்றன. இங்கும் காலத்தை எண்ணிப் பார்த்தல் நன்று. சாச்சக் காலத்தில் ஒரு பருவத்துக்கு 70 ஆட்டங்கள். சமநிலையில் முடிந்தவை பல. ப்ரோடூர் காலத்தில் 82 ஆட்டங்கள். 2005 முதல் சமநிலை என்பதே நீங்கி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வெற்றியாளர் உண்டு.

பரிசின் பெயரும் நம்மை ஏமாற்றக்கூடும். பிளாண்ட் ஏழு முறை வெசினா கோப்பை பெற்றார். ஹாஷெக் ஆறு முறை. ஏழு பெரிதா, ஆறு பெரிதா? 1981 வரை அக்கோப்பை மிகக் குறைந்த கோல்கள் விட்ட அணியின் காவலருக்குத் தானே சென்று சேரும். அதன்பின் அணி மேலாளர்கள் வாக்களித்து, தனிமனிதத் திறனுக்காகத் தருகின்றனர். முன்னது அணியின் அரணுக்கும் சேர்ந்த பரிசு. பின்னது காவலருக்கே உரியது. சொல் ஒன்று, பொருள் இரண்டு.

ஆகவே நாம் மூன்று அளவைகளை முன்வைக்கிறோம். ஒருவர் தம் காலத்தாரினும் எவ்வளவு உயர்ந்து நின்றார்? எவ்வளவு காலம் அவ்வாறு நின்றார்? தமக்குப் பின் வந்தோருக்கு எதை விட்டுச் சென்றார்? முதல் அளவையில் ஹாஷெக்குக்கு நிகரில்லை. இரண்டாவதில் ப்ரோடூரும் ஹாலும் முந்துவர். மூன்றாவதில் பிளாண்டும் ருவாவும் மேம்படுவர்.

மூன்றிலும் ஒருங்கே உயர்ந்து நிற்பவர் பிளாண்ட் என்பது நம் முடிவு. 1962ஆம் ஆண்டில் மிகப் பயனுள்ள வீரர் விருது பெற்ற அவர், டொரொன்டோ அணிக்காக 1970-71ஆம் பருவத்தில், நாற்பத்திரண்டு வயதில், ஆட்டத்துக்கு 1.88 கோல்களே விட்டு லீக்கில் முதலிடம் கொண்டார். இன்று எந்தக் காவலரின் முகத்தைப் பார்த்தாலும் அங்கே அவர் விட்டுச் சென்ற கொடை தெரிகிறது. அவருக்கு அடுத்து ஹாஷெக், பின்னர் ருவா, சாச்சக், ஹால் என்று வரிசைப்படுத்துகிறோம். த்ரெத்தியாக்கை இவ்வரிசையில் சேர்க்காதது, தாழ்வு கருதியன்று. அவரை நிறுக்கும் தராசு வேறு என்பதனாலேயே. மாறுபட்ட கருத்துடையோர் தம் வரிசையைத் தாமே அமைக்கலாம்; ஆனால் அவ்வரிசைக்கு உரிய அளவையையும் உடன் கூறுதல் கடமை.

இன்றைய காவலர் முகத்தை மூடி, தோளும் மார்பும் காப்புறைகளால் போர்த்து நிற்கிறார். முன்னோரின் தடுப்பு விழுக்காடு அவரினும் குறைவு என்று ஏளனமாக ஒதுக்குவோர் உண்டு. வெறும் முகத்தோடு நின்றவர்களின் தழும்புகளைக் கண்டுதான் முகமூடி பிறந்தது; விழுந்து தண்டனை பெற்றவரால்தான் விதி மாறியது. பின்வந்தவரின் உயரத்தில் முன்வந்தவரின் தோளும் அடங்கியிருக்கிறது. இதனை மறந்து இடும் தரவரிசை எண்களில் பிழையற்றதாக இருக்கலாம். நீதியில் பிழையுடையதே ஆகும்.