கிராம அறிவு மையங்கள் – புதுச்சேரி

சென்னை தரமணியிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998 இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் இவற்றின் தலைமை மையமாக இருந்தது. கணினிகளை இயக்கியோர் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்களே; அவர்களுள் பெண்கள் பலர்.

அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயர முன்கணிப்பு, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கி வழியாகத் தமிழில் அறிவிக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலை குறித்துத் தொலைபேசியில் ஊருக்கு எச்சரித்தார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் செய்தி பரவியது. மக்கள் கரையை விட்டு விலகி உயிர் தப்பினர்.

தொழில்நுட்பம் ஊராரின் கையில் இருந்ததாலேயே அது உரிய நேரத்தில் உதவியது.