வீட்டுத் தோட்டா (சுவிட்சர்லாந்து)

சுவிட்சர்லாந்தின் படைவீரர்கள் துப்பாக்கியோடு வீட்டில் வைத்துக்கொள்ள அரசு கொடுத்துவந்த தோட்டாக்கள். ஒரு துப்பாக்கிக்கு 50 என்ற கணக்கில், முத்திரையிட்ட தகரப் பெட்டியில் இவை வழங்கப்பட்டன. அந்நாட்டில் நிரந்தரப் படை மிகச் சிறியது. குடிமக்களே பயிற்சி பெற்று, சில வாரம் பணியாற்றிவிட்டு வீடு திரும்புவார்கள். ஆயுதம் வீரனிடமே இருக்கும் என்று 1874ஆம் ஆண்டின் அரசியலமைப்பே சொன்னது. எதிரி திடீரென்று நுழைந்தால், வழியில் சண்டையிட்டபடியே வீரன் தன் படை கூடும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது தோட்டாவையும் வீட்டில் வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம். பெட்டியை வீணாக உடைக்கக் கூடாது என்பது விதியாக இருந்தது. முத்திரையைச் சோதித்துப் பார்த்தார்கள். கட்டாயச் சுடுபயிற்சிக்கான தோட்டாவைச் சுடுதளத்திலேயே கொடுத்து அங்கேயே தீர்க்கச் செய்தார்கள்.

துப்பாக்கி உரிமைக்காக வாதாடுவோர் எங்கும் முதலில் காட்டும் நாடு இதுதான். 2017ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்றின்படி அங்கே 100 பேருக்கு ஏறத்தாழ 28 துப்பாக்கிகள் பொதுமக்களிடம் இருந்தன, அமெரிக்காவில் 120. இவ்வளவு இருந்தும் சுவிட்சர்லாந்தில் கொலை குறைவு, ஆகவே துப்பாக்கிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்பது அவர்கள் வாதம். கொலையை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அங்கே துப்பாக்கியால் இறப்போரில் பெரும்பாலோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். எனவே நாட்டில் எத்தனை துப்பாக்கி என்பதைவிட, ஒருவர் மனம் உடைந்திருக்கும் அந்தச் சிறு பொழுதில் குண்டு நிரப்பிய துப்பாக்கி கைக்கு எட்டுமா என்பதே பொருத்தமான கேள்வி. சாகத் துணிந்தவர் வேறு வழி தேடுவார் என்ற மறுப்பு பழையது. அதைச் சோதிக்க நல்ல வாய்ப்பும் அங்கேயே கிடைத்தது. 2003இல் தொடங்கிய சீரமைப்பு படையின் அளவைப் பாதியாகக் குறைத்தது; பல வீடுகளிலிருந்து துப்பாக்கி வெளியேறியது. 18 முதல் 43 வயது வரையான ஆண்களிடையே அதன்பின் தற்கொலை குறைந்ததை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. துப்பாக்கித் தற்கொலையில் ஏற்பட்ட குறைவில் 22 விழுக்காடு மட்டுமே வேறு முறைகளுக்கு மாறியது. மறுப்பு முழுப் பொய்யல்ல, ஐந்தில் ஒரு பங்கு உண்மை.

தோட்டாவைத் திரும்பப் பெறும் முடிவு இந்தச் சீரமைப்புக்குப் பின்னர், 2007இல்தான் வந்தது. ஆகவே அந்த நன்மையைத் தோட்டா விதியின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. அதன் தூண்டுதல் வேறு. 2006இல் புகழ்பெற்ற முன்னாள் பனிச்சறுக்கு வீராங்கனை ஒருவரைக் கணவரே படைக் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றது பெரும் விவாதத்தைக் கிளப்பியிருந்தது. சில ஆண்டுகளில் பெட்டிகள் ஏறக்குறைய முழுவதும் சேகரிக்கப்பட்டன. சில சிறப்புப் பிரிவினருக்கு மட்டும் விலக்கு இருந்தது. இதை வெறும் சடங்கு என்றவர்களிடமும் சான்றுகள் இருந்தன. 2007 இறுதியில் சூரிச்சில் படைத்துப்பாக்கியால் ஓர் இளம்பெண்ணைச் சுட்ட பயிற்சி வீரர் தோட்டாவைப் பயிற்சியின்போது திருடியிருந்தார். 2001இல் சூக் மாநில அவையில் 14 பேரைக் கொன்றவர் தனியாக வாங்கிய ஆயுதங்களோடு வந்தவர். கடையிலும் தோட்டா கிடைக்கும். திட்டமிட்டுக் கொல்ல வருபவனை இந்த விதி தடுக்காது என்பதை இவை நிறுவுகின்றன. அதற்கு மேல் எதையும் நிறுவவில்லை. நள்ளிரவில் வீட்டில் எழும் சண்டைக்குக் கடை திறந்திருப்பதில்லை. அந்தத் தாமதமே இத்தகைய விதி தரக்கூடிய பயன். துப்பாக்கியும் வீட்டில் இல்லாவிட்டால்தான் அது முழுமையாகும்.

படைத்துப்பாக்கியையும் கிடங்குக்குக் கொண்டுபோகக் கோரிய முன்மொழிவை 2011 பிப்ரவரி வாக்கெடுப்பில் 56.3 விழுக்காட்டினர் நிராகரித்தனர். 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கடுமையான ஆயுத விதிகளை 63.7 விழுக்காட்டினர் ஏற்றனர். படைத்துப்பாக்கியை வீட்டில் வைக்க விரும்பாத வீரர் 2010 முதல் அதைக் கட்டணமின்றிப் படைக்கிடங்கில் விட்டுவைக்கலாம். ஆனால் அது அவரவர் விருப்பம்.