வலியும் ரத்தக்குழாயின் ஆயுளும்: டயாலிசிஸ் ஊசியின் வரலாறு

கோலார் தங்கவயலின் சுரங்கக் குடும்பங்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சித்தூர் பக்கத்திலிருந்து வந்தவை. மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பங்காருப்பேட்டையில் மாறினால் காட்பாடி. அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. இந்தியாவில் டயாலிசிஸ் 1960களின் தொடக்கத்தில் வேர்விட்டது அந்த மருத்துவமனையில்தான். 1971இல் சிறுநீரக மாற்று அறுவையும் அங்கே நடந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின், கம்பெனி மருத்துவமனையை நம்பியிருந்த ஊருக்கு வெளியூர் மருத்துவத்தின் தேவை இன்னும் கூடியது.

வாரம் இருமுறை டயாலிசிஸ் என்றால், ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசி. ஆண்டுக்கு 208 குத்துகள். ஊசியும் சாதாரண ஊசியன்று. 15 அல்லது 16 கேஜ் தடிமன். இந்த வலியைக் குறைக்க எடுத்த முயற்சிகள் ரத்தக்குழாயின் ஆயுளோடு ஏன் மோதின என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1943இல் நெதர்லாந்தில் மருத்துவர் கோல்ஃப் தம் டயாலிசிஸ் இயந்திரத்தை இயக்கியபோது, ஒவ்வொரு முறையும் ரத்தக்குழாயை அறுத்துத் திறக்க வேண்டியிருந்தது. 1960இல் சியாட்டிலில் ஸ்க்ரிப்னர், கையில் நிலையாகப் பொருத்திய டெஃப்லான் குழாயால் அந்தத் தடையை நீக்கினார். அதில் ஊசியே இல்லை. ஆனால் ரத்தம் உறைந்தது, சீழ் பிடித்தது. 1966இல் நியூயார்க்கின் பிரெஸ்சியா, சிமினோ குழுவினர் வெளியிட்ட முறை, மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்துச் சிரையைப் பருக்க வைத்தது. அதுதான் இன்றைய ஃபிஸ்டுலா. தொற்று குறைந்தது. ஊசியோ நோயாளியின் வாழ்நாள் துணையாயிற்று.

எங்கே குத்துவது? ஏணிப்படி முறையில் ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளிக் குத்துவார்கள். சிரை முழுதும் சமமாக உழைக்கும், ஆனால் ஒவ்வொரு குத்தும் புதுத்தோலில் விழும், வலிக்கும். அதனால்தான் "அதே இடத்திலேயே போடுங்க சிஸ்டர், அங்கே வலிக்காது" என்று நோயாளிகள் கெஞ்சுகிறார்கள். அவசரத்தில் இருக்கும் செவிலியருக்கும் அது எளிது. சில சென்டிமீட்டருக்குள்ளேயே திரும்பத் திரும்பக் குத்த, குழாய்ச்சுவர் நலிந்து பலூனாக வீங்குகிறது. இந்தப் பழக்கத்தை நான் நோயாளியின் பிழையாகக் கருதவில்லை; வலிக்கு வேறு விடை கொடுக்காத மருத்துவத்தின் பிழை அது.

போலந்தில் ட்வார்டோவ்ஸ்கி 1970களில் மூன்றாவது வழியைக் கண்டார். குத்த இடமே போதாத ஒரு நோயாளியிடமிருந்து பிறந்தது அது. ஒரே புள்ளியில், ஒரே கோணத்தில், ஒரே ஆள் தொடர்ந்து குத்தினால், காது குத்திய துளை போல ஒரு தடம் உருவாகும். பிறகு மழுங்கிய ஊசியே போதும். பொத்தான்துளை எனப் பெயர் பெற்ற இம்முறை பெரும் நம்பிக்கை தந்தது. கனடாவில் மெக்ரே குழுவினர் 2012இல் வெளியிட்ட ஒப்பீட்டுச் சோதனை அதை அசைத்தது: வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, தொற்றோ கூடியது. தடத்தின் மேல் படியும் பொருக்கை முழுதாக நீக்காவிட்டால் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி நேரே ரத்தத்தில் இறங்கிவிடும்.

2016இல் தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களால் இயந்திரம் சிறு ஊர்களை நெருங்குகிறது. அங்கே செவிலியர் மாறிக்கொண்டே இருந்தால் ஒரே ஆள் குத்தும் பொத்தான்துளை சரிவராது. தங்கவயல் போன்ற ஊருக்கு ஏணிப்படி முறையே தகும் என்பது என் முடிவு. ஆனால் வலிக்கு விடையும் அதோடு சேர வேண்டும். ஒரு மணி நேரம் முன்பே தடவும் மரப்புக் களிம்பு, தொடக்கத்தில் 17 கேஜ் மெல்லிய ஊசி, கடைசியாகக் குத்திய இடங்களைக் குறித்த கையின் வரைபடம் ஒவ்வொரு நோயாளியின் கோப்பிலும்: இவை எதற்கும் பெரிய செலவில்லை.